கயாக்ல போய் பெரிய பைக் மீன் புடிக்கறது எப்படி: லேக் நிபிஸிங்கை வச்சு ஒரு முழு வழிகாட்டி

நார்தர்ன் பைக்ங்கற, கூரான பல்லுள்ள நீளமான ஏரி மீன்ல பெரிசைப் புடிக்கணும்னா மோட்டார் போட் இருந்தா தான் முடியும்னு நினைச்சு நிறைய பேர் கரையிலயே நின்னுடறாங்க. ஆனா இடுப்பளவு தண்ணி, அடில செடி, சுத்தி நாணல், அந்த மாதிரி ஒரு குட்டி வளைகுடாக்குள்ள சத்தமே இல்லாம நுழைஞ்சு மீனுக்குத் தெரியாம நிக்கறதுக்கு கயாக்கை, அதாவது துடுப்போ பெடலோ போட்டு ஓட்டற ஒடுக்கமான சின்னப் படகை, மிஞ்சின வாகனம் கிடையாது. லூர்ங்கற போலி இரை எது, ராட்ங்கற தூண்டில் கம்பு எதுன்னு தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, என்னைக் கேட்டா அது மூணாவது விஷயம். முதல் விஷயம் கயாக்கை எங்க, எப்படி நிறுத்தறீங்கங்கறது. ரெண்டாவது, மீன் பக்கத்துல வந்த பிறகு என்ன செய்யப் போறீங்கங்கறதை மீன் கடிக்கறதுக்கு முன்னாடியே தயார் பண்ணி வச்சிருக்கறது. இந்த ரெண்டும் சரியா இருந்தா ஸ்பூன்னு சொல்ற, கரண்டி மாதிரி வளைஞ்ச சாதாரண தகடு லூர்லயே பெரிய மீன் வரும்.

நான் இங்க சொல்றது எல்லாம் கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து லேக் நிபிஸிங்கை மனசுல வச்சு. டொரோன்டோவுல இருந்து ஹைவே 400, அப்புறம் 11 புடிச்சு வடக்க போனா கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், நார்த் பே ஊரே அந்த ஏரிக்கரைல தான் இருக்கு, ஸ்கார்பரோ மார்க்கம் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார இறுதிக்கு தோதான தூரம். ஏரியோட பரப்பு சுமார் 873 சதுர கிலோமீட்டர், ஆனா சராசரி ஆழம் வெறும் 4.5 மீட்டர். இந்த ரெண்டு நம்பரையும் நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, மீன் எங்க இருக்கும்ங்கறதும் உயிருக்கு ஆபத்து எங்கங்கறதும் ரெண்டுமே இதுலேர்ந்து தான் வருது.

"பெரிய" மீன்னு நான் சொல்றது 90 சென்டிமீட்டருக்கு மேல. ஒரு மீட்டர் நீள மீன் சுமாரா 7, 8 கிலோ இருக்கும். அந்த அளவுல வர்றது பெரும்பாலும் பெண் மீன் தான், வடக்கத்திய குளிர்ந்த தண்ணில அந்த அளவுக்கு வளர பத்து வருஷத்துக்கும் மேல ஆகும். அதனால பெரிய மீனைத் திரும்ப விடறதுன்னு முடிவு பண்ணிட்டு மேல படிங்க, கீழ சொல்ற முறை எல்லாமே அதை ஒட்டி தான் இருக்கு.

படி 1: லைசென்ஸ், விதி, மீனை அடையாளம் தெரிஞ்சுக்கறது

ஒன்டாரியோல 18லேர்ந்து 64 வயசு வரைக்கும் இருக்கற கனடாவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்டுங்கற அட்டையும் மீன்பிடி லைசென்ஸும் வேணும். மாகாணத்தை 20 மீன்வள மண்டலமா பிரிச்சு வச்சிருக்காங்க, நிபிஸிங் 11ஆவது மண்டலம். சீசன் எப்போ, எத்தனை மீன் வச்சுக்கலாம், எந்த அளவு வச்சுக்கக் கூடாதுங்கறது மண்டலத்துக்கு மண்டலம் மாறும், சில ஏரிகளுக்கு தனி விதியும் உண்டு, அதனால போன வருஷம் படிச்சதை நம்பாம அந்தந்த வருஷத்து விதிமுறைத் தொகுப்பை மாகாண அரசு தளத்துல பாத்துட்டுப் போங்க.

அடையாளம் ஏன் முக்கியம்னா இதே ஏரில மஸ்கின்னு பைக்கோட நெருங்கின சொந்தக்கார மீன் ஒண்ணு இருக்கு, அதுக்கு சீசனும் அளவு விதியும் வேற. பைக்குக்கு கரும்பச்சை உடம்புல வெளிர் புள்ளி, மஸ்கிக்கு வெளிர் உடம்புல கருப்புப் பட்டை இல்லேன்னா புள்ளி. பைக்கோட வால் நுனி வட்டமா இருக்கும், மஸ்கிக்கு கூரா இருக்கும். இன்னும் சந்தேகம்னா கீழ்த்தாடைக்கு அடில ஊசி குத்தின மாதிரி வரிசையா துளை இருக்கும் பாருங்க, ஒரு பக்கத்துக்கு அஞ்சு, அதுக்குக் குறைவா இருந்தா பைக், ஆறும் அதுக்கு மேலயும்னா மஸ்கி.

படி 2: உயிர் பாதுகாப்பு

இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. ஏரி ஆழம் கம்மின்னு சொன்னேன்ல, அகலமான ஆழம் கம்மியான ஏரில காத்து அடிச்சா அலை சீக்கிரம் எழும்பும், அதுவும் குட்டை குட்டையா செங்குத்தா நெருக்கமா வரும், கயாக்குக்கு அது தான் மோசமான அலை. நிபிஸிங் கிழக்கு மேற்கா நீண்டு கிடக்கறதால மேக்குக் காத்து முழு ஏரியையும் கடந்து வந்து நார்த் பே பக்கம் மோதும். காலைல கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி பத்து மணிக்கு மேல வேற முகம் காட்டும். அதனால திறந்த ஏரிக்குப் போகவே வேணாம்னு தான் சொல்லுவேன், வெஸ்ட் ஆர்ம் பகுதில தீவும் முனையுமா இருக்கற இடம், கேஷ் பே, கேலண்டர் பே, இந்த மாதிரி ஒதுங்கின தண்ணியே பைக்குக்குப் போதும், சொல்லப்போனா பைக் அங்க தான் இருக்கு.

கிளம்பும்போது முதல் பாதி காத்துக்கு எதிரா போங்க, களைச்சுத் திரும்பும்போது காத்து உங்களைக் கரைக்குத் தள்ளும். இதை மாத்திப் பண்ணக் கூடாது.

சட்டப்படி ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கற கயிறு, விசில், உள்ள தண்ணி தேங்கற மாதிரி கயாக்னா வாரி இறைக்க பாத்திரமோ பம்ப்போ, இருட்டுனாலோ பனிமூட்டம் வந்தாலோ விளக்கு, இதெல்லாம் வேணும். எலெக்ட்ரிக் மோட்டார் மாட்டினீங்கன்னா அது மோட்டார் படகுக் கணக்குல வந்துடும், ஆபரேட்டர் கார்டு வேணும், துடுப்போ பெடலோ மட்டும்னா வேண்டாம். லைஃப் ஜாக்கெட் கயாக்ல வச்சிருந்தா பத்தாது, உடம்புல போட்டிருக்கணும், விசிலை அதுலயே கட்டிடுங்க.

அடுத்தது குளிர். நிபிஸிங்ல ஐஸ் உருகறது பொதுவா ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். மே மாசம் வெயில் 20 டிகிரி அடிக்கும், தண்ணி 8 டிகிரில இருக்கும். மனிடோபா பல்கலைக்கழகத்து கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்த் தண்ணில விழுந்தா உடம்பு என்ன ஆகும்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணினவர், அவர் சொல்ற 1-10-1 கணக்கை எல்லாரும் மனப்பாடம் பண்ணணும்: விழுந்ததும் மூச்சைக் கட்டுக்குள்ள கொண்டு வந்து நிதானத்துக்கு வர 1 நிமிஷம், கை கால் உருப்படியா வேலை செய்யறது 10 நிமிஷம், குளிர்ல நினைவு தப்ப சுமாரா 1 மணி நேரம். அந்த நடு 10 நிமிஷத்துல நீங்க கயாக் மேல திரும்ப ஏறியாகணும். ஏற வராதுன்னா மே, அக்டோபர்ல தண்ணில இறங்கவே கூடாது. ஜூலைல கரையோரம் மார்பளவு தண்ணில வேணும்னே கயாக்கைக் கவுத்து, நிமித்தி, குறுக்க வயித்தைப் போட்டு, உருண்டு உக்காரப் பழகுங்க, லைஃப் ஜாக்கெட்டோட, முழு சாமானோட. குளிர் மாசத்துல உடம்புல தண்ணி படாம காக்கற டிரைசூட் போடுங்க, விலை ஜாஸ்தி தான், ஆனா ரெண்டு ராட் கம்மியா வாங்கினாலும் பரவால்ல இதை வாங்குங்க. எங்க இறங்கறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு போங்க.

படி 3: கயாக்கை ஒழுங்கு பண்றது

மேல உக்கார்ற வகை கயாக், நீளம் 3.5லேர்ந்து 4 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டருக்கு மேல. பெடல் வச்சதுன்னா கை ரெண்டும் சும்மா இருக்கும், பின்னாடியும் ஓட்ட முடிஞ்சா இன்னும் நல்லது, ஏன்னா மீன் செடிக்குள்ள இழுக்கும்போது நீங்க பின்வாங்கி அதை வெளிய கொண்டு வரலாம். துடுப்பு மட்டும் இருந்தாலும் தாராளமா பிடிக்கலாம், செடி அடர்ந்த இடத்துல பெடல் சிக்கும், துடுப்பு சிக்காது. துடுப்பைக் கயிறு போட்டு கயாக்கோட கட்டிடுங்க.

பொருள் வைக்கற இடம் தான் இதுல பெரிய விஷயம். மீன் வலைக்குள்ள வந்த பிறகு திரும்பிப் பாத்துத் தேடக் கூடாது. நீள மூக்கு பிளையர், சுமார் 28 சென்டிமீட்டர் இருக்கறது, வலது கை பக்கம். முள்ளை வெட்டற கட்டர் அதுக்குப் பக்கத்துல. வலை பின்னாடி கை எட்டற தூரத்துல, கண்ணில செடி மாட்டாம. அளவுப் பலகை மடிக்கு முன்னாடி. எல்லாத்துக்கும் கயிறு. வேற லூர் எதுவும் வெளிய கிடக்கக் கூடாது, மூணு கொக்கி முள் மேல பைக் துள்ளி விழுந்துச்சுன்னா ஒரு முனை மீன்லயும் இன்னொண்ணு உங்க தொடைலயும் இருக்கும்.

நங்கூரத்தை கயாக் பக்கவாட்டுல நேரா கட்டவே கூடாது, காத்துல அது கவுத்துடும். முன்னாடிலேர்ந்து பின்னாடி வரை ஓடற கயிறு வளையம் ஒண்ணு போட்டு, நங்கூரத்தை கயாக்கோட முன் முனைக்கோ பின் முனைக்கோ நகர்த்தி வைக்கற மாதிரி பண்ணுங்க. கயிறு முனைல ஒரு மிதவை இருக்கட்டும், பெரிய மீன் மாட்டினா நங்கூரத்தை அப்படியே கழட்டி விட்டுட்டு மீன் பின்னாடி போய்ட்டு அப்புறம் வந்து எடுத்துக்கலாம். காத்துல மெதுவா மிதந்துக்கிட்டே பிடிக்க, தண்ணிக்குள்ள குடை மாதிரி விரியற டிரிஃப்ட் சாக் ஒண்ணு போதும்.

படி 4: ராட், லைன், லூர்

ராட் 7லேர்ந்து 7.5 அடி, பலத்துல மீடியம் ஹெவி இல்லேன்னா ஹெவி. பின் கைப்பிடி ரொம்ப நீளமா இருந்தா உக்காந்திருக்கும்போது லைஃப் ஜாக்கெட்ல இடிக்கும், அதைக் கடைலயே உக்காந்து பாத்து வாங்குங்க. லைனைச் சுத்தி வைக்கற ரீல் பெய்ட்காஸ்ட் வகை, இல்லேன்னா 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். லைன், பிரெய்ட்ங்கற பின்னின நூல், 50லேர்ந்து 65 பவுண்டு தாங்கறது. இவ்ளோ பலம் எதுக்குன்னு கேப்பீங்க, மீனை இழுக்க இல்ல, செடியோட சேத்து இழுக்க, சண்டையை சீக்கிரம் முடிக்க.

லீடர், அதாவது லைனுக்கும் லூருக்கும் நடுவுல பல்லைத் தாங்கறதுக்காகக் கட்டற துண்டு, இல்லாம பைக்குக்கு தூண்டில் போடாதீங்க. பிரெய்ட் அந்தப் பல்லுல பட்ட நொடில அறுந்துடும், அப்புறம் அந்த மீன் வாய்ல முள்ளோட திரியும். 40, 45 பவுண்டு ஸ்டீல் வயர் லீடர், குறைஞ்சது 30 சென்டிமீட்டர். ஃப்ளூரோகார்பன்ங்கற பிளாஸ்டிக் நரம்பு பிடிக்கும்னா 80லேர்ந்து 100 பவுண்டு, ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் விரலால தடவிப் பாத்து சொரசொரப்பு இருந்தா மாத்திடுங்க.

லூர் விஷயத்துல நாலே வகை போதும். செவப்பு வெள்ளை டார்டெவ்ல் மாதிரி ஒரு ஸ்பூன். செடில சிக்காம வர்றதுக்கு, தகடு சுத்தற ஸ்பின்னர்பெய்ட், ஜான்சன் சில்வர் மின்னோ மாதிரி முள்ளுக்குக் காப்பு வச்ச ஸ்பூன். நிறுத்தி நிறுத்தி இழுக்க தண்ணில அந்தரமா நிக்கற ஜெர்க்பெய்ட். 15, 20 சென்டிமீட்டர்ல மீன் மாதிரி நீந்தற ரப்பர் ஸ்விம்பெய்ட். எல்லா முள்ளுலயும் நுனிக்குப் பின்னாடி எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற சின்னக் கூரைப் பிளையரால நசுக்கிடுங்க. மீன் தப்பிச்சுடும்னு பயப்பட வேணாம், லைன் தொய்யாம வச்சிருந்தா தப்பாது, ஆனா கயாக்ல உக்காந்துக்கிட்டு முள்ளைக் கழட்டற நேரம் நல்லா குறையும், உங்க கைல ஏறினாலும் சுலபமா வரும்.

படி 5: மீன் எங்க இருக்கும்

பைக் துரத்திப் பிடிக்கற மீன் இல்ல, மறைஞ்சு நின்னு பாயற மீன். அதுக்கு மறைவு வேணும், பக்கத்துல இரை வேணும், உடம்புக்கு ஒத்த குளிர்ச்சி வேணும். சின்ன பைக் ஓரளவு சூட்டைத் தாங்கும், பெரிசு தாங்காது. வருஷம் பூரா பெரிய மீன் எங்க நகருதுங்கறதை இந்த ஒரு விஷயத்தை வச்சே சொல்லிடலாம்.

ஐஸ் போனதும் வெள்ளம் ஏறின புல்லு, பழைய நாணல் இருக்கற ஆழம் கம்மியான இடத்துல முட்டை போடும். போட்டு முடிச்ச பெண் மீன்கள் கொஞ்ச நாள் அதே வளைகுடாலயே கிடக்கும். விதி அனுமதிக்கற காலத்துல அப்போ தேட வேண்டியது கருப்பு சேறு அடியா இருக்கற, வடக்குக் காத்து படாத வளைகுடா, ஏன்னா அது தான் முதல்ல சூடாகும். இங்க ஒரு விஷயம், விடிகாலைல எழுந்து ஓடாதீங்க. வசந்த காலத்துல மத்தியானம் தான் நேரம், வெயில் ஏறி தண்ணி ரெண்டு டிகிரி கூடினதும் காலைல அசையாம கிடந்த மீன் கடிக்க ஆரம்பிக்கும். லூரை ரொம்ப மெதுவா இழுங்க, ஜெர்க்பெய்ட்டை நிறுத்தினா அஞ்சு வரை எண்ணுங்க, பெரும்பாலும் நிக்கற நேரத்துல தான் கடி விழும்.

ஜூன்ல செடி வளர ஆரம்பிச்சதும் மீன் வெளிய நகரும். இங்க மீன் பிடிக்கறவங்க கேபேஜ்னு சொல்ற அகல இலை நீர்ச்செடி, உயரமா பச்சையா நிக்கும், அது தான் நீங்க தேட வேண்டியது. செடிக்கு நடுவுல இல்ல, ஓரத்துல. அதுலயும் நேரான ஓரத்தை விட, செடி மூக்கு மாதிரி வெளிய நீட்டற இடம், உள்ள குடைஞ்சு போற இடம், செடி முடிஞ்சு பாறை ஆரம்பிக்கற இடம், அங்க பைக் தின்னற பெர்ச்ங்கற சின்ன மீன் கூட்டம் இருக்கும், அதுக்குப் பின்னாடியே பைக் இருக்கும். தண்ணில வெளிச்சம் கண்ணு கூசறதைக் குறைக்கற போலரைஸ்டு கண்ணாடி இருந்தா இதையெல்லாம் கண்ணாலயே பாக்கலாம், தண்ணிக்கு அடில இருக்கறதைத் திரைல காட்டற ஃபிஷ் ஃபைண்டர் இருந்தா ஆழமும் வெப்பநிலையும் கூடத் தெரியும், எனக்கு அதுல வெப்பநிலை நம்பர் தான் முக்கியம்.

ஜூலை ஆகஸ்ட்ல ஆழமான ஏரின்னா பெரிய மீன் கீழ குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிடும். நிபிஸிங்கோட பெரும்பகுதி ஆழம் கம்மிங்கறதால காத்து தண்ணியைக் கலக்கிக்கிட்டே இருக்கும், அந்தக் குளிர் அடுக்கு எல்லா இடத்துலயும் நிலைச்சு நிக்காது. அதனால ஆத்து முகத்துவாரம், பாறை முனைக்கு வெளிய இருக்கற ஆழமான ஓரம், இப்படிப் பாக்கணும். ஆனா மேல்தண்ணி 21 டிகிரி தாண்டினா நான் பெரிய பைக்கைத் தேட மாட்டேன், நீங்களும் வேணாம். சூடான தண்ணில ஆக்ஸிஜன் கம்மி, சண்டை போட்டுக் களைச்ச பெரிய மீன் நல்லா நீந்திப் போற மாதிரி தெரிஞ்சாலும் பிறகு செத்துப் போகலாம்.

செப்டம்பர் கடைசிலேர்ந்து அக்டோபர் தான் உச்ச காலம். தண்ணி 15க்குக் கீழ இறங்கும், செடி நிறைய செத்து பழுப்பாகும், எந்தத் திட்டுல இன்னும் பச்சை மிச்சம் இருக்கோ அங்க எல்லாம் வந்து சேரும். அதுக்கு அப்புறம், ஹெர்ரிங்னு இங்க சொல்ற சிஸ்கோ மீன் முட்டை போட பாறைத் திட்டுக்கு வரும், அதைத் தின்ன பெரிய பைக்கும் வரும். அப்போ பெரிய லூர் போடுங்க, 20 சென்டிமீட்டர் தாராளமா போடலாம்.

படி 6: கயாக்கை நிறுத்தறது, வீசறது

செடி ஓரத்துக்கு நேர் எதிர்ல நின்னு செங்குத்தா வீசினா லூர் நல்ல இடத்துல இருக்கறது ரெண்டு மூணு மீட்டர் தான். ஓரத்துக்கு இணையா கயாக்கை வச்சு ஓரத்தோடயே வீசினா முழு தூரமும் மீன் இருக்கற தண்ணில வரும். இதுக்காக காத்து செடி ஓரத்தோடயே ஓடற மாதிரி நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுங்க, டிரிஃப்ட் சாக்கைப் பின்னாடி போட்டுட்டு காத்து தள்ற திசைல முன்னாடி வீசிக்கிட்டே போங்க. லூர் எப்பவும் கயாக்குக்கு முன்னாடி போகணும், உங்க நிழலும் துடுப்புச் சத்தமும் மீனை எட்டறதுக்கு முன்னாடி. துடுப்பை பிளாஸ்டிக்ல இடிக்காதீங்க, அந்த சத்தம் தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் கேக்கும். புது இடம்னா முதல்ல நடக்கற வேகத்துல, மணிக்கு 4, 5 கிலோமீட்டர், லூரை இழுத்துக்கிட்டே ஓரம் பூரா ஒரு சுத்து போங்க, கடி விழுந்த இடத்துக்குத் திரும்ப வந்து நின்னு வீசுங்க.

பைக் பின்னாடியே வந்து கயாக் பக்கத்துல திரும்பிப் போறது சகஜம். கயாக்ல நீங்க தண்ணிக்கு ரொம்ப கிட்ட இருக்கறதால அதுக்கு நீங்க தெரியறது கம்மி, அதைப் பயன்படுத்துங்க. லூரை உடனே தூக்காம ராட் நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு கயாக்கோட பக்கவாட்டுல ஒரு அகலமான வளைவு இழுங்க. பெரிய மீன் பல தடவை அங்க தான் அடிக்கும், அதனால ரீல்ல லைனை நழுவ விடற டிராக் இறுக்கமா இல்லாம கை இழுத்தா லேசா நழுவற அளவுல இருக்கணும்.

படி 7: மாட்டின பிறகு

ராட்டைத் தலைக்கு மேல தூக்கி அடிக்காதீங்க, உக்காந்த இடத்துல அது சமநிலையைக் கெடுக்கும். பக்கவாட்டுல இழுங்க, இடுப்புலேர்ந்து. முதல் வேலை துடுப்பை ஓரமா வைக்கறது, ரெண்டாவது மீனோட திசைக்கு கயாக் முனையைத் திருப்பறது. முனை வழியா மீன் இழுத்தா கயாக் சும்மா மீன் பின்னாடியே போகும், எடை உங்களுக்கு சாதகம். பக்கவாட்டுல இழுத்தா தான் கவுக்கும். கால் ரெண்டையும் ரெண்டு பக்கமும் தண்ணில தொங்கவிட்டா இன்னும் திடமா இருக்கும், ஆனா மீன் கிட்ட வந்ததும் காலை உள்ள எடுத்துடுங்க. கயாக்குக்கு அடில போனா ராட் நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு முனையைச் சுத்தி மறுபக்கம் கொண்டு போங்க.

படி 8: வலை, முள் எடுக்கறது, திரும்ப விடறது

ரப்பர் பூசின பெரிய வலை வேணும், சின்ன வலைல மீனைத் திணிக்கறது வேணாம். தலை முதல்ல வலைக்குள்ள வரட்டும். வந்ததும் தூக்காதீங்க! வலை தண்ணிலயே இருக்கட்டும், பிடியை முழங்கால்ல அழுத்தி வச்சுக்கிட்டு நீங்களும் மூச்சு வாங்குங்க, அதுவும் வாங்கட்டும். முள் எடுக்கறது, பிளையர் போடறது எல்லாம் வலைக்குள்ள தண்ணிலயே முடிச்சுடலாம். வாய் திறக்கலேன்னா செவுள் மூடியோட உள்விளிம்புல விரலை நுழைச்சு தாடை எலும்பு வரை முன்னாடி நகர்த்திப் பிடிங்க, வாய் தானா திறக்கும். சிவப்பு செவுளைத் தொடவே கூடாது, அதுக்கும் ஆபத்து, உள்ள இருக்கற பல்லு உங்க விரலையும் கிழிக்கும். முள் சுலபமா வரலேன்னா போராடாதீங்க, கட்டரால வெட்டிடுங்க, ஒரு கொக்கி விலை ஒண்ணுமே இல்ல.

ஃபோட்டோ வேணும்னா எல்லாம் தயாரான பிறகு தான் மீன் வெளிய வரணும். அளவுப் பலகையை நனைங்க, கேமராவை முன்கூட்டியே டைமர்ல வைங்க, ஒரு கை தாடைல, ஒரு கை வயித்துக்கு அடில, படுக்கை வசமா தூக்குங்க. தாடைல மட்டும் தொங்கவிட்டா அந்த எடைல முதுகெலும்பும் உள்ளுறுப்பும் பாதிக்கும். நீங்க மூச்சை அடக்கிக்கிட்டு தூக்குங்க, உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம், இறக்கிடுங்க. விடும்போது முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், வால் அடியைப் பிடிச்சு நிமிர்ந்த வாக்குல வச்சிருந்தா போதும், பலம் வந்ததும் அதுவே உதறிட்டுப் போகும்.

சாப்பிட வேணும்னா

விதி அனுமதிச்சா 55, 60 சென்டிமீட்டர் மீன் ஒண்ணு ரெண்டு எடுத்துக்குங்க. ருசியும் அது தான் நல்லாருக்கும். பெரிய பைக்ல பாதரசம் அதிகம் சேரும், ஒன்டாரியோ அரசு எந்த ஏரில எந்த அளவு மீனை மாசத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம்னு வழிகாட்டி வச்சிருக்கு, குழந்தைகளுக்கும் பிள்ளை பெறற வயசுப் பெண்களுக்கும் அதுல தனிக் கணக்கு, பாத்துட்டு சமைங்க. முதுகுச் சதைல ஒய் வடிவ முள் வரிசை ஒண்ணு ஓடும். அதை எடுக்கத் தெரியலேன்னா சதைல நெருக்கமா கீறல் போட்டு மசாலா தடவி நல்லா மொறுமொறுன்னு பொரிச்சா சின்ன மீன்ல அந்த முள் பெரிசா தொந்தரவு பண்ணாது. குழம்புல போட்டா முள் தனியா நிக்கும், சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்ல வேண்டாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி

2022 ஜனவரிலேர்ந்து ஒன்டாரியோல படகை ரோட்டுல கொண்டு போறதுக்கு முன்னாடி அதுல ஒட்டின செடி, உயிரினம் எல்லாத்தையும் எடுக்கணும், தேங்கின தண்ணியை வடிக்கணும்னு சட்டம், கயாக்குக்கும் சேத்து. பெடல் இடுக்கு, நங்கூரக் கயிறு, வலை, டிரிஃப்ட் சாக், இங்க தான் செடித் துண்டு ஒளிஞ்சிருக்கும். வேற ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி குறைஞ்சது அஞ்சு நாள் வெயில்ல காய விடுங்க, அவசரம்னா 50 டிகிரிக்கு மேல சூடான தண்ணில கழுவுங்க. லூரை ஈரத்தோட டப்பால போட்டு மூடாதீங்க, ரெண்டே நாள்ல முள் துரு ஏறிடும்.